பாதரசமும் சட்டமும்

பாதரசம் என்னும் பெயரைக் கேளாதார் நம்முள் இலர். உலோகமாயிருந்தும் நீர்போல் ஓடுவது அது; விரலாற் பிடிக்கப் புகின் உருண்டு நழுவுவது; நீரினும் ஏறத்தாழ 13½ மடங்கு கனமுடையதாதலின் இரும்புக் குண்டையும் தன்மீது மிதக்கவிடுவது. சித்த மருத்துவர் அதனைச் சூதமென்றும் இரசமென்றும் வழங்குவர். பௌதிகச் சாலையிலே பாரமானியின் குழாயில் வெள்ளிக்கோல் போல் நிற்கும் அதனைக் கண்டு வியவாத மாணாக்கர் இரார். அது நஞ்சுடைய பொருள் என்பதும் நாம் அறிந்ததே.

ஆனால், ஒரு பொருளின் நஞ்சை நன்குணராத காலத்தில் அதனைக் கோடிக்கணக்கான வீடுகளிற் கொண்டுபோய் வைத்துவிட்ட ஒரு சமுதாயம், பின்னர் உண்மை உணர்ந்தபோது அதனை எங்ஙனம் மீண்டும் திரட்டும்? இனி விற்கலாகாது என்று தடுப்பது எளிது. முன்னரே விற்றுப் போனதை வீடுதோறும் தேடிச் சேர்ப்பதோ எளிதன்று. இவ்வரிய காரியத்தை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மாகாணங்கள் சில, சட்டத்தின் துணைகொண்டு செய்ய முயன்றிருக்கின்றன. அம்முயற்சியின் வரலாற்றையும், அதில் அவை கண்ட தளர்ச்சியையும் வெற்றியையும், அவற்றால் நாம் அறியக் கிடக்கும் பாடத்தையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

கருவியும் அதன் தொழிலும்

குளிர்நாடுகளில் வீடுகளை வெப்பமாக வைத்திருத்தல் உயிர்வாழ்வுக்கு இன்றியமையாதது. வீட்டின் அடித்தளத்திலோ ஒரு மூலையிலோ உலையொன்று இருக்கும். அது எரியும்போது அறைகளுக்கு வெப்பம் பரவும். அவ்வுலை இடைவிடாது எரியின் வெம்மை மிகும், எரிபொருளும் வீணாகும். அணைந்தே கிடப்பினோ வீட்டார் குளிரால் நடுங்குவர். ஆகவே, அறை குளிர்ந்தவுடன் உலையை மூட்டவும், வேண்டிய அளவு வெப்பம் ஏறியவுடன் அணைக்கவும் ஒரு காவலாளி வேண்டும். அக்காவலாளியே தெர்மாஸ்டாட் எனப்படும் சிறு கருவி. உள்ளங்கையளவே உள்ள அது, அறைச் சுவரில் ஒருவர் கைக்கெட்டும் உயரத்தில் பொருத்தப்பட்டிருக்கும்.

பழைய தெர்மாஸ்டாட்டின் அமைப்பு மாணாக்கர் அறிந்து மகிழத்தக்கது. வெப்பத்தால் வெவ்வேறளவு விரியும் இரண்டு உலோகத் தகடுகளை ஒன்றன்மேலொன்றாக ஒட்டிச் சுருளாக வளைத்திருப்பர். வெப்பம் ஏறினும் இறங்கினும் இவ்விரண்டும் ஒத்து விரியாமையாலும் ஒத்துச் சுருங்காமையாலும், சுருள் சிறிது இறுகும் அல்லது தளரும். அச்சுருளின் முனையிலே, இருபுறமும் அடைக்கப்பட்ட சிறு கண்ணாடிக் குப்பி ஒன்று அமர்ந்திருக்கும். குப்பியினுள்ளே பாதரசத்துளி ஒன்று கிடக்கும். குப்பியின் ஒரு முனையில் இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று தொடாமல் நிற்கும். அறை குளிர்ந்து சுருள் அசைந்ததும் குப்பி சாயும். பாதரசம் உருண்டோடி அவ்விரு கம்பிகளையும் ஒருங்கே நனைக்கும். பாதரசம் உலோகமாதலின் மின்சாரம் அதன் வழியே பாயும், உலை மூண்டெழும். வெப்பம் ஏறியபின் குப்பி மறுபக்கம் சாயும், பாதரசம் விலகும், மின்சாரம் அறுபடும், உலை அணையும்.

இதில் தேய்வதற்கு உறுப்பில்லை; துருவேறுவதற்கு இடமில்லை; தூசி புகுதற்கு வழியில்லை. பாதரசத்தின் கனமே குப்பியை ஒருபுறமாகத் தள்ளிவிடுதலின், மூட்டுவதா அணைப்பதா என்னும் ஐயத்துக்கும் இடமில்லை. 1953-ஆம் ஆண்டு ஹனிவெல் கம்பெனியார் வெளியிட்ட வட்டவடிவத் தெர்மாஸ்டாட் இவ்வகையைச் சேர்ந்தது. ஹென்றி டிரைபஸ் என்னும் புகழ்பெற்ற வடிவமைப்பாளர் அதன் உருவை அமைத்தார். எளிமையும் அழகும் ஒருங்கமைந்த அக்கருவி எண்ணிறந்த வீடுகளில் இடம்பெற்றது. முப்பது நாற்பது ஆண்டுகள் பழுதின்றி உழைத்தவையும் பல. இந்நற்குணமே பிற்காலத்தில் ஒரு சங்கடத்துக்குக் காரணமாயிற்று. நெடுநாள் உழைக்கும் பொருளைப் பற்றி எவரும் நினைப்பதில்லை. நினைவிலில்லாத பொருள் என்று, எவர் கையால், எங்கே எறியப்படும் என்பதை யார் அறிவார்?

மறைந்து நிற்கும் தீங்கு

ஒரு தெர்மாஸ்டாட்டில் சராசரியாக 4 கிராம் அளவு பாதரசம் உண்டு. இஃது அற்பமன்றோ என்று சிலர் கருதலாம். காய்ச்சல் பார்க்கும் பழைய கண்ணாடி உஷ்ணமானியில் ஏறத்தாழ அரைக்கிராமுக்குச் சிறிது மிகுதியாகவே இருக்கும். சுருள்வடிவச் சிறு குழல்விளக்கிலோ சில மில்லிகிராம்களே இருக்கும். விளக்கொன்றுக்கு 4 மில்லிகிராம் எனக் கொள்வோமாயின், ஒரு தெர்மாஸ்டாட் ஆயிரம் விளக்குகளுக்கு ஒப்பாகும். ஒரு சுவரில் இருப்பது சிறிதே. ஒரு நாட்டின் சுவர்களிலெல்லாம் இருப்பது பெரிது.

குப்பி உடையாதவரை அதனால் ஒருவர்க்கும் தீங்கில்லை. இதனை நாம் நன்கு மனத்திற் கொள்ளவேண்டும். சுவரில் அது உறங்குகின்றது. வீட்டைப் புதுப்பிக்கும்போதோ இடிக்கும்போதோ, புதிய மின்னணுக் கருவியைப் பொருத்தும்போதோ, பழையதைக் கழற்றி எறியும் அந்த ஒரு கணத்திலேதான் அதன் உறக்கம் கலைகின்றது. குப்பைக் கூடையில் விழுந்த கருவி வண்டியில் நசுங்கும், குப்பைமேட்டில் உடையும், குப்பை எரிக்கும் உலையிற் புகுந்தால் பாதரசம் முழுதும் ஆவியாகிப் புகையோடு எழும்.

பாதரசம் சாதாரண அறை வெப்பத்திலேயே சிறிது சிறிதாக ஆவியாகும் இயல்புடையது. அவ்வாவிக்கு நிறமில்லை, மணமுமில்லை. அதனைச் சுவாசித்தால் ஐந்தில் நான்கு பங்களவு நுரையீரல் வழியே குருதியிற் கலக்கும். காற்றில் எழுந்த பாதரசம் நெடுந்தொலைவு சென்று, மழையோடும் தூசியோடும் நிலத்திலும் ஏரிகளிலும் இறங்கும். ஏரியின் அடிச்சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அதனை மெத்தில் பாதரசம் என்னும் கொடிய சேர்க்கைப் பொருளாக மாற்றும். அஃது நுண்ணிய பாசியிற் புகும். பாசியை உண்ணும் சிற்றுயிரிற் சேரும். அதனை உண்ணும் சிறுமீனிலும், சிறுமீனை உண்ணும் பெருமீனிலும் படிப்படியாகச் செறியும். நீரில் அளந்தறிதற்கும் அரிதாயிருந்தது, பெருமீனின் தசையில் பத்து லட்சம் மடங்குக்கும் மேலாகச் செறிந்து நிற்றல் உண்டு. கடைசிப் படியில் நிற்பவன் மனிதன். அவனுள்ளும் கருவிலிருக்கும் குழவி.

இது கற்பனையன்று. ஜப்பான் தேசத்து மினமாட்டா என்னும் கடற்கரையூரில் இரசாயனத் தொழிற்சாலை ஒன்று மெத்தில் பாதரசம் கலந்த கழிவுநீரை விரிகுடாவில் விட்டு வந்தது. அவ்வூர்ப் பூனைகள் வெறிகொண்டன போல் துள்ளி வீழ்ந்து மடிந்தன. பின்னர் மீனவர் குடும்பங்களில் கை கால் நடுக்கமும், கண் மங்கலும், பேச்சுக் குழறலும் தோன்றின. 1956-ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதி அந்நோய் முதன்முதலாக அதிகாரிகளுக்கு அறிவிக்கப்பட்டது. அதன் காரணம் இன்னதென்று ஜப்பானிய அரசாங்கம் ஒப்புக்கொண்டது 1968-இல் தான். தாய் நோய்க்குறி சிறிதுமின்றி நடமாடியிருக்க, அவள் வயிற்றிற் பிறந்த குழவி வாழ்நாள் முழுதும் எழுந்து நடக்கவியலாதபடி பிறந்த துயரத்தை அவ்வூர் கண்டது. தெர்மாஸ்டாட்டின் பாதரசம் இத்துணைக் கேட்டை ஓரிடத்திற் செய்ததென்று யாம் கூறவில்லை. ஆயினும் பாதரசம் மனிதர் உணவிற் புகும் வழி இதுவேயென்பதை மினமாட்டா உலகுக்கு உணர்த்திற்று. அமெரிக்காவிலும் ஏரிமீனையும் ஆற்றுமீனையும் அளவறிந்து உண்ணுமாறு, முக்கியமாகக் கருவுற்ற மகளிர்க்கும் சிறுவர்க்கும், மாகாண அரசாங்கங்கள் எச்சரிக்கை விடுக்கலாயின.

முதன்முயற்சிகள்

அமெரிக்க நாட்டில் அபாயகரமான கழிவுகளைக் கையாளுவதற்குக் கண்டிப்பான விதிகள் பல உள. வீட்டுக்கு வீடு சென்று கருவி பொருத்தும் தொழிலாளி ஒருவர், கழற்றிய தெர்மாஸ்டாட் ஒன்றை எடுத்துச்செல்வதற்கும் அவ்விதிகளையெல்லாம் நிறைவேற்றவேண்டுமெனின், அதனைக் குப்பையில் எறிவதே எளிதென்று அவர் கருதுவது இயல்பு. இதனை உணர்ந்த மத்திய அரசாங்கத்தின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்தார் 1995-ஆம் ஆண்டில் பொதுக்கழிவு விதி என்பதொன்றை வகுத்தனர். மின்கலங்கள், பூச்சிமருந்துகள் என்பவற்றோடு பாதரசத் தெர்மாஸ்டாட்டுகளும் அவ்விதியிற் சேர்க்கப்பட்டன. அதனால் அவற்றைத் திரட்டுவதும் அனுப்புவதும் எளிதாயின. விதியின் கடுமை சில வேளை அதன் நோக்கத்தையே கெடுக்கும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

1998-ஆம் ஆண்டில் ஹனிவெல், ஜெனரல் எலக்ட்ரிக், ஒயிட்-ராட்ஜர்ஸ் என்னும் மூன்று உற்பத்தியாளர் ஒன்றுகூடித் தெர்மாஸ்டாட் மீட்புக் கழகம் ஒன்றை ஏற்படுத்தினர். அஃது இலாப நோக்கமில்லாதது. தெர்மாஸ்டாட்டுகளைத் தொழிலாளர்க்கு விற்கும் மொத்த வியாபாரிகளின் கடைகளிலே பெட்டிகள் வைக்கப்பட்டன. புதிய கருவி வாங்க வரும் தொழிலாளி பழையதைக் கொணர்ந்து அப்பெட்டியில் இடவேண்டும். பெட்டி நிறைந்ததும் கழகத்தார் அதனைப் பெற்று மீட்புச் சாலைக்குச் சேர்ப்பர். ஏற்பாடு நல்லதே. தொழிலாளி எப்படியும் செல்லவேண்டிய இடத்திலேயே பெட்டியை வைத்தது அறிவுடைமையாம்.

ஆயினும் திரண்டது எவ்வளவு? ஆண்டுதோறும் 20 லட்சம் முதல் 30 லட்சம் வரையிலான பாதரசத் தெர்மாஸ்டாட்டுகள் சுவர்களினின்றும் கழற்றப்படுகின்றன என்பது அக்காலத்து மதிப்பு. அவற்றிலுள்ள பாதரசத்தைக் கணக்கிடின் 8 டன் முதல் 12 டன் வரை ஆகும். பெட்டிகளை வந்தடைந்ததோ அதில் ஒரு சிறு பகுதியே. ஏனையவை போன இடம் குப்பைமேடும் எரியுலையுமாம்.

இதற்குக் காரணம் யாது? தொழிலாளர் தீயவரோ? அல்லர். குளிர்காலத்திலே உலை பழுதுபட்ட வீட்டில் ஒரு தொழிலாளி நிற்பதை மனத்திற் காண்போம். வீட்டார் நடுங்கிக்கொண்டிருக்கின்றனர். அடுத்த வீட்டாரும் காத்திருக்கின்றனர். கையிலே கழற்றிய பழைய கருவி. அருகிலே குப்பைக் கூடை. பெட்டியோ பல மைலுக்கப்பால் ஒரு கடையில் இருக்கின்றது. அதனை உடையாமற் காத்து, நினைவாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதால் அவர்க்கு வருவது ஒன்றுமில்லை; சேர்க்காமையால் இழப்பதும் ஒன்றுமில்லை. அந்நிலையில் அவரது மனச்சாட்சி ஒன்றையே நம்பியிருந்தது அவ்வேற்பாடு. மனச்சாட்சி பெரிது, எனினும் அதற்கு வழியை எளிதாக்கிக் கொடுத்தல் சட்டத்தின் கடமை.

மேய்ன் மாகாணத்தின் ஐந்து டாலர்

மின்னெசோட்டா மாகாணம் 1990-களின் தொடக்கத்திலேயே தெர்மாஸ்டாட்டைத் திரட்டும் பொறுப்பை உற்பத்தியாளர்பாற் சுமத்தி முன்னோடியாயிற்று. ஆனால் இவ்வரலாற்றில் நாம் சிறப்பாகக் கருதத்தக்கது மேய்ன் மாகாணத்துச் சட்டம். நாட்டின் வடகிழக்கு மூலையில் ஏரிகளும் காடுகளும் நிறைந்தது அம்மாகாணம். அதன் உள்நாட்டு நீர்நிலைகள் அனைத்தின் மீன்களைக் குறித்தும் பாதரச எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. மீன்பிடித்தலை விளையாட்டாகவும் பிழைப்பாகவும் கொண்ட மக்களுக்கு இது சிறு குறையன்று.

2006-ஆம் ஆண்டில் அம்மாகாணச் சட்டசபை ஒரு சட்டம் இயற்றிற்று. அதன்படி உற்பத்தியாளரே தம் செலவில் திரட்டும் ஏற்பாட்டை நடத்தவேண்டும். அதுமட்டுமன்று, திருப்பிக் கொணரப்படும் தெர்மாஸ்டாட் ஒவ்வொன்றுக்கும் கொணர்ந்தவர்க்குக் குறைந்தது 5 டாலர் மதிப்புள்ள ஊக்கப்பொருள் கொடுக்கவேண்டும். இவ்வாறு பணம் கொடுக்குமாறு கட்டளையிட்ட சட்டம் அந்நாட்டில் அதுவே முதலாவது. 2008-இல் வெர்மான்ட் மாகாணமும் இவ்வழியைப் பின்பற்றிற்று.

5 டாலர் பெருந்தொகையன்று. ஒரு வேளை உணவுக்கே காணாது. எனினும் அதன் விளைவு பெரிது. குப்பையாயிருந்த பொருள் அதனால் விலையுள்ள பொருளாயிற்று. விலையுள்ளதை எவரும் குப்பையில் எறியார். நாள் முழுதும் கழற்றிய கருவிகளைத் தொழிலாளி தம் வண்டியில் ஒரு பெட்டியிலிட்டுக் காக்கத் தொடங்குவார். மக்கட்டொகைக்கு ஒப்பிட்டுப் பார்க்கும்போது, மேய்னும் வெர்மான்ட்டும் ஏனைய மாகாணங்களை விஞ்சி முன்னணியில் நின்றன. அங்குள்ள தொழிலாளர் பிற மாகாணத்தாரினும் ஒழுக்கத்தில் உயர்ந்தவர் என்பதன்று இதன் பொருள். நல்லதைச் செய்வார்க்கு அச்சட்டம் ஒரு சிறு கைம்மாறு வைத்தது, அவ்வளவே.

இலக்கும் பொறுப்பும்

கலிபோர்னியா மாகாணத்தின் அனுபவம் வேறொரு பாடம் புகட்டுகின்றது. 2008-இல் அங்கே இயற்றப்பட்ட பாதரசத் தெர்மாஸ்டாட் திரட்டற் சட்டம் 2009 ஜூலை முதல் உற்பத்தியாளரைத் திரட்டும் ஏற்பாட்டை நடத்துமாறு பணித்தது. எத்தனை கருவிகள் திரட்டப்படவேண்டும் என்னும் இலக்குகள் 2013-இல் விதிகளால் வகுக்கப்பட்டன. ஏற்பாட்டை நடத்துவது ஒன்று. இலக்கை எட்டுவது மற்றொன்று. திரண்டது போதாமை கண்டு, 2021-இல் அச்சட்டசபை மீண்டும் ஒரு சட்டம் இயற்றியது. உற்பத்தியாளர் பணம் கொடுக்கவேண்டும். ஆனால் திரட்டும் பணியையும் மக்களுக்கு அறிவிக்கும் பணியையும் அவர்களைச் சாராத வேறோர் அமைப்பு நடத்தவேண்டும் என்பது அதன் சாரம். செலவு செய்வோரே செயலையும் நடத்துவாராயின், செயல் மிகுந்தோறும் செலவும் மிகும் என்னும் நினைவு அவரைத் தளர்த்தக் கூடுமன்றோ?

பென்சில்வேனியா 2008-இலும், இலினாய் 2010-இலும், நியூயார்க் 2013-இலும் இத்துறையிற் சட்டங்கள் இயற்றின. இவையும் பிறவுமாகிய சட்டங்களில் பொதுவாகக் காணப்படும் கூறுகள் சில. பாதரசத் தெர்மாஸ்டாட்டைப் புதிதாக விற்கலாகாது. கழற்றியதைக் குப்பையில் எறியலாகாது. அவற்றை விற்ற மொத்த வியாபாரிகள் திரட்டும் இடமாக இருக்கவேண்டும். கட்டடத்தை இடிக்குமுன் சுவரிலுள்ளவற்றைக் கழற்றிவிடவேண்டும். உற்பத்தியாளர் ஆண்டுதோறும் திரட்டிய கணக்கை அரசாங்கத்துக்குக் காட்டவேண்டும். இவ்வாறு செய்தவர், விற்றவர், பொருத்துபவர், இடிப்பவர் ஆகிய எல்லார்மேலும் ஒவ்வொரு பங்குப் பொறுப்பு வைக்கப்பட்டது.

இவற்றுள் மிகப் புதுமையானது உற்பத்தியாளரின் பொறுப்பேயாம். விற்றவுடன் தம் கடமை தீர்ந்ததென்று வணிகர் நெடுங்காலமாகக் கருதிவந்தனர். கழிவைக் களைவது ஊராட்சியின் வேலை. செலவு வரி கொடுப்போருடையது. அக்கொள்கையை இச்சட்டங்கள் மாற்றின. பொருளின் பிறப்புக்குக் காரணமானவர் அதன் முடிவுக்கும் பொறுப்பாளர் என்பது இவற்றின் அடிப்படை. இக்கொள்கை நிலைபெறின், ஒரு கருவியை உருவாக்கும்போதே அதன் முடிவையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் தோன்றும்.

திரட்டிய பின்னர்

கருவிகள் மீட்புச் சாலையை அடைந்தபின் நிகழ்வதையும் அறிதல் நலம். அங்கே பயின்றவர்கள் மூடியைத் திறந்து கண்ணாடிக் குப்பிகளை உடையாது எடுப்பர். தொழிலாளர் இதனைத் தாமே செய்யலாகாது. கருவியை முழுமையாகவே அனுப்பவேண்டும். குப்பிகள் காற்றுப் புகாத வாலையிலிட்டு வெப்பமூட்டப்படும். 357 பாகை சென்டிகிரேடு அளவில் பாதரசம் கொதித்து ஆவியாகும். அவ்வாவியைக் குளிரச் செய்து மீண்டும் திரவமாக்குவர். பலமுறை வடித்துத் தூய்மை செய்வர்.

அவ்வாறு மீண்ட பாதரசம் பின்னர் எங்கே போகும்? இக்கேள்வியும் கேட்கத்தக்கதே. ஏழை நாடுகளில் சிறு சுரங்கத்தார் பொன்னைப் பிரித்தெடுக்கப் பாதரசத்தைப் பயன்படுத்தி, தம்மையும் தம் ஆறுகளையும் கெடுத்துக்கொள்கின்றனர். ஓரிடத்திற் பாடுபட்டுத் திரட்டியது மற்றோரிடத்தில் ஆற்றிற் கலப்பதாயின் யாது பயன்? ஆதலின் அமெரிக்கா 2008-இல் இயற்றிய சட்டத்தால், 2013 ஜனவரி முதல் பாதரச உலோகத்தை வெளிநாடுகளுக்கு அனுப்புவதைத் தடுத்தது. திரட்டும் சட்டமும் ஏற்றுமதித் தடையும் ஒன்றையொன்று நிரப்புவன.

ஓர் ஆட்சேபமும் விடையும்

நிற்க. இங்கே ஒருவர் ஆட்சேபிக்கலாம். 'உலகிற் காற்றோடு கலக்கும் பாதரசத்திற் பெரும்பகுதி பொற்சுரங்கங்களாலும் நிலக்கரி எரிப்பதாலும் வருவது. அவற்றின் முன் இத்தெர்மாஸ்டாட் எம்மாத்திரம்? இதற்கென இத்தனை சட்டங்கள் வேண்டுமோ?' என்பர். இவ்வாட்சேபம் உண்மையை அடிப்படையாகக் கொண்டதே. அதனை யாம் மறுக்கவில்லை. ஆனால் புகைபோக்கி வழியே வானத்திற் பரவிய பாதரசத்தை எவராலும் மீண்டும் கையில் அள்ளமுடியாது. தெர்மாஸ்டாட்டிலுள்ளதோ கண்ணாடிக் குப்பியில் அடைபட்டு, இருக்குமிடமும் அளவும் தெரிந்து, கையாலெடுத்து வைக்கும் நிலையிலுள்ளது. முழுதும் மீட்கக்கூடிய நஞ்சை மீட்காமல் விடுவதற்கு, மீட்கவியலாத நஞ்சைச் சான்று காட்டுதல் நியாயமாகாது.

இன்னொன்றும் உண்டு. எரிபொருளைச் சிக்கனப்படுத்தும் புதிய மின்னணுத் தெர்மாஸ்டாட்டுகளைப் பொருத்துமாறு மின்சாரக் கம்பெனிகளும் அரசாங்கங்களும் மக்களைத் தூண்டுகின்றன. நல்ல நோக்கமே. ஆனால் ஒவ்வொரு புதிய கருவியும் ஒரு பழைய கருவியைச் சுவரினின்றும் வீழ்த்துகின்றது. பழையதைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடின்றிப் புதியதைக் கொடுப்போமாயின், ஒரு நன்மையால் ஒரு தீமையை விரைவுபடுத்தியவராவோம்.

நமக்குள்ள தொடர்பு

உலை வேண்டாத நம் நாட்டில் இச்செய்தி எதற்கென்று எண்ண வேண்டா. நியூயார்க் மாகாணத்து வாட்டர்டவுன் என்னுமூரில் இயங்கிய பாதரச உஷ்ணமானித் தொழிற்சாலை ஒன்று, 1980-களின் முற்பகுதியில் நம் கோடைக்கானல் மலைக்கு மாற்றப்பட்டது. 2001-ஆம் ஆண்டில், உடைந்த உஷ்ணமானிகளின் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் அவ்வூர்ப் பழைய சாமான் கடை ஒன்றிற் கிடந்தது வெளிப்பட்டது. மக்கள் கிளர்ச்சியால் தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-இல் ஏறத்தாழ 290 டன் எடையுள்ள பாதரசக் கழிவு கப்பலேற்றப்பட்டு, மீட்புக்காக அமெரிக்காவுக்கே திருப்பியனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர் 591 பேர்க்கு நட்டஈடு பற்றிய உடன்படிக்கை 2016-இல் தான் ஏற்பட்டது. மலையின் மண்ணைத் தூய்மை செய்யும் வழக்கோ அதன் பின்னும் நீண்டது. பொருளைச் செய்தவர் அதன் கழிவுக்கும் பொறுப்பாளர் என்னும் நெறியை முதலிலேயே கைக்கொண்டிருந்தால், இத்தனை ஆண்டுத் துயரம் வேண்டியதில்லை.

2013-இல் ஜப்பானில் நிறைவேறிய மினமாட்டா உடன்படிக்கை 2017 ஆகஸ்ட் மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018-இல் அதனை ஏற்றுறுதி செய்தது. பாதரசம் கலந்த உஷ்ணமானிகள், மின்விசைகள் முதலிய பல பொருள்களின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2020-ஆம் ஆண்டோடு நிறுத்துவதென அவ்வுடன்படிக்கை வகுத்தது. எனினும் நம் இல்லங்களிலும் மருத்துவசாலைகளிலும் பரிசோதனைச் சாலைகளிலும் பழைய உஷ்ணமானிகளும் இரத்த அழுத்தமானிகளும் இன்னும் கிடக்கின்றன. இனி விற்கலாகாதென்பது முதற்பாதி. விற்றதைத் திரட்டுவது மறுபாதி. அமெரிக்க மாகாணங்கள் கற்ற பாடம் நமக்குப் பயன்படுவது இம்மறுபாதியிலேதான்.

மாணாக்கர்க்கு ஒரு சொல். உஷ்ணமானி கைதவறி உடைந்தால் பாதரசத்தை விளையாட்டாக உள்ளங்கையில் உருட்டாதீர்கள். துடைப்பத்தாற் பெருக்கினால் அது நுண்துளிகளாகச் சிதறி மேலும் ஆவியாகும். சாளரங்களைத் திறந்து, சிறுவரை விலக்கி, தடித்த அட்டைத் துண்டுகளால் துளிகளை ஒன்றுகூட்டி, இறுக மூடிய புட்டியிலிடுங்கள். நீர்த்தாரையில் ஊற்றாதீர்கள், ஆசிரியரிடம் ஒப்புவியுங்கள்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில உண்மைகள் விளங்கும். நஞ்சைத் தடுக்கும் சட்டம் நஞ்சைத் திரட்டும் சட்டமாகாது. திரட்டும் சட்டமும், பெட்டியை வைத்துவிட்டு மக்களின் நினைவை மட்டும் நம்புமாயின் வெறும் பெட்டியையே காணும். பெட்டி அருகிலிருத்தல், கொணர்வார்க்குச் சிறு கைம்மாறு, எட்டவேண்டிய இலக்கு, எட்டாவிடின் கேட்பார் ஒருவர் ஆகிய இந்நான்கும் ஒருங்கிருந்தாலன்றிச் சட்டம் ஏட்டிலேயே நிற்கும்.

எத்துணைச் சிறந்த சட்டமும் இறுதியில் ஒருவர் கையைச் சார்ந்தே நிற்கின்றது. கழற்றிய கருவியைக் கூடையில் எறிவதா, பெட்டியில் இடுவதா என்று ஒரு கணம் தயங்கி நிற்கும் தொழிலாளியின் கை அது. அக்கை எத்திசையில் நீளுகின்றதோ அத்திசையிலே, அவர் என்றும் காணாத ஓர் ஏரியின் மீனும், இன்னும் பிறவாத ஒரு குழவியின் நலமும் அடங்கியிருக்கின்றன. கற்றறிந்த நாம் நாளை கருவிகளைச் செய்வோராகவும், விற்போராகவும், சட்டம் இயற்றுவோராகவும் அமையக்கூடும். அக்காலத்து அக்கை நல்வழியில் நீளுதற்கு எளிதாக ஏற்பாடு செய்தல் நம் கடனாகும்.